பெல்ஜிய பியர் பப்பில் பெரிய பாட்டில்தான் லாபம்

புதிதாகத் திறந்த பெல்ஜிய பாணி பியர் பப்புக்கு இரண்டு மூன்று பேராகப் போனால், ஆளுக்கொரு 330 மில்லி பாட்டில் சொல்லாதீர்கள். மெனுவில் 750 மில்லி பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் விலை இரண்டேகால் சின்ன பாட்டிலின் விலையை விடக் குறைவு என்றால் யோசிக்காமல் அதையே வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

இந்த பியர்களின் வீரியம் தனி. டுவெல் என்ற பியரில் ஆல்கஹால் 8.5 சதவீதம், ஷிமே நீலம் என்பதில் 9 சதவீதம். 330 மில்லி டுவெலில் இருக்கும் ஆல்கஹால், 5 சதவீத பியர் அரை லிட்டருக்கும் மேல் குடித்ததற்குச் சமம். அதனால் ஆளுக்கு 250 மில்லியே தாராளம். மிச்சப்படும் காசுக்கு ஒரு பானை மஸ்ஸல்ஸ் (வேகவைத்த சிப்பி) சொல்லுங்கள். கூட வரும் உருளைக்கிழங்கு ஃப்ரைஸை அடியில் நிற்கும் சாற்றில் தோய்த்துச் சாப்பிடலாம் (எனக்கு மஸ்ஸல்ஸை விட அதுதான் பிடிக்கும்).

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். இவை பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பவை, அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். பாட்டிலைக் குலுக்கினால் எல்லாம் கலங்கிவிடும்.

ஆளுக்கொரு ருசி கேட்கும் கூட்டத்துக்கு இது சரிப்படாது. ஹோகார்டன் போன்ற 4.9 சதவீத கோதுமை பியருக்கும் தேவையில்லை. குழாய் பியருக்கு ஹேப்பி ஹவர் ஓடினால் அதுவே மலிவு. வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த அளவு பாட்டிலும் வேண்டாம்.