மோட்டார்ஹோம் ஃப்ளோர் எக்ஸாஸ்ட் சூட்டுல கருகுதா? சரி பண்றதும், திரும்ப வராம பாத்துக்குறதும்

மோட்டார்ஹோம்னா உள்ளயே படுக்க, சமைக்க வசதி இருக்கிற வண்டி. அத நாலஞ்சு மணி நேரம் ஹைவேல ஓட்டிட்டு நிறுத்திட்டு வெறுங்காலோட உள்ள நடந்தா ஒரு இடத்துல மட்டும் தரை சுடுது, இல்லன்னா வினைல் ஷீட் அங்க மட்டும் பழுப்பாகி லேசா உப்பிக்கிட்டு வருதுன்னா, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க. இன்ஜின் புகைய வெளிய கொண்டு போக கீழ ஓடுற எக்ஸாஸ்ட் பைப்போட சூடு மேல இருக்கிற ப்ளைவுட்ட கொஞ்சம் கொஞ்சமா கருக்கிட்டு இருக்கு. நிறைய பேர் மேல ஒரு மேட்ட போட்டு மூடிடுறாங்க, இல்ல அந்த இடத்த மட்டும் வெட்டி புது பலகை வச்சிடுறாங்க. சூடு எங்க இருந்து வருதுன்னு பாக்காம பலகைய மட்டும் மாத்துனா புதுசும் அதே மாதிரிதான் கருகும், அதனால தரைய உடைக்கிற வேலைய தயவுசெஞ்சு கடைசியா வச்சிக்கோங்க.

அமெரிக்கா, கனடாவுல பழைய மோட்டார்ஹோம் வாங்குறவங்க கைக்கு அதிகமா வர்றது ஃபோர்டு ஈ-350, ஈ-450 சேஸிஸ் (இன்ஜின், சக்கரம், ஃப்ரேம் சேர்ந்த அடிப்பகுதி) மேல கட்டுன க்ளாஸ் சி வண்டிங்கதான் (முன்னாடி வேன் கேபின், பின்னாடி வீடு), 1990கள் கடைசில இருந்து 2019 வரைக்கும் வந்ததுல பெரும்பாலும் 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் இன்ஜின். சேஸிஸ் ஒரு கம்பெனி செய்யுது, மேல இருக்கிற வீடு இன்னொரு கம்பெனி கட்டுது. சேஸிஸ்காரன் கேபினுக்கு கீழ ஹீட் ஷீல்டு (சூட்ட தடுக்குற தகடு) போட்டு குடுத்திருப்பான், ஆனா அதுக்குப் பின்னாடி வர்ற ப்ளைவுட், ஸ்டோரேஜ் பெட்டி, நீட்டி விட்ட டெயில்பைப் எல்லாம் வீடு கட்டுனவன் வேலை, தப்பு பெரும்பாலும் அந்த ரெண்டும் சேர்ற இடத்துலதான் இருக்கும். 1973ல இருந்து 1978 வரைக்கும் வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோம் மாதிரி பழைய வண்டின்னா இன்னும் கவனமா இருக்கணும், அது ஃப்ரன்ட் வீல் டிரைவ், தரையே ரொம்ப தாழ்வு, பைப் போறதுக்கு இருக்கிற இடமே கம்மி.

எவ்வளவு சூடுன்னு ஒரு கணக்கு சொல்றேன். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது எக்ஸாஸ்ட் பைப்ல புகைய சுத்தம் பண்ற டப்பா, நல்லா வேலை செய்யும்போதே உள்ள 400ல இருந்து 800 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். மரம் பக்கத்துல தீ இருந்தா பத்துறதுக்கு 250, 300 டிகிரி வேணும், ஆனா 100 டிகிரி பக்கத்துலயே மாசக்கணக்கா இருந்தாலும் பழுப்பாகி பலம் போயிடும், அப்படி காய்ஞ்சு கருகுன மரம் புது மரத்த விட சீக்கிரம் பத்திக்கும். தரைக்குள்ள தெர்மோகோல் மாதிரி பாலிஸ்டைரின் ஃபோம் வச்ச சாண்ட்விச் ஃப்ளோர்னா கதை இன்னும் மோசம், அது 80 டிகிரி தாண்டுனாலே இளக ஆரம்பிச்சு சுருங்கி உள்ள வெறும் பள்ளமா ஆயிடும், மேல நடந்தா தரை அமுங்கும்.

கீழ படுக்கிறதுக்கு முன்னாடி இத மட்டும் கண்டிப்பா கேளுங்க. வண்டியில இருக்கிற லெவலிங் ஜாக்க நம்பி யாரும் கீழ போகாதீங்க, அது வண்டிய சமமா நிறுத்தத்தான். சமதளத்துல நிறுத்தி சக்கரத்துக்கு கட்டை குடுத்து, வண்டி எடைய தாங்குற ஜாக் ஸ்டாண்ட சேஸிஸ் ஃப்ரேமுக்கு கீழ வச்சிட்டுதான் போகணும். பைப் ஆற ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. வண்டிக்குள்ள இருக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரத்த திருப்பி பின்னாடி போட்டிருக்கிற தேதிய பாருங்க, அதுக்கெல்லாம் ஆயுசு அஞ்சுல இருந்து ஏழு வருஷம், சிலதுக்கு பத்து, தேதி முடிஞ்சிருந்தா முதல்ல அத மாத்துங்க. தரையில ஓட்டை, கீழ எக்ஸாஸ்ட் லீக், ரெண்டும் சேர்ந்தா வாசனையே இல்லாத அந்த வாயு தூங்குறவங்க இருக்கிற ரூமுக்கே வந்துடும், இதுல அலட்சியமே வேண்டாம்.

சரி, காரணத்த தேடுவோம். முதல் சந்தேகம் லீக். பைப்புக்குள்ள இருக்க வேண்டிய சூடான வாயு ஒரு சின்ன ஓட்டை வழியா பீய்ச்சி நேரா பலகைய அடிச்சா வேற எதுவும் வேணாம். ஷாப் வேக்யூம்ல (ஒர்க்ஷாப்ல தூசி உறிஞ்சுற மெஷின்) காத்து வெளிய தள்ளுற பக்கத்துல ஹோஸ மாட்டி, அத டெயில்பைப்ல வச்சு சுத்தி துணிய அடைச்சு ஓட விடுங்க, இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்ப தண்ணில கலந்து ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி மேனிஃபோல்டு (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்), ஃபிளாஞ்ச் (பைப்ப இணைக்குற தட்டு), கிளாம்ப், மஃப்ளர் (சத்தத்த குறைக்கிற டப்பா) தையல்னு ஒவ்வொரு ஜாயின்டா அடிச்சிட்டே போங்க. லீக் இருக்கிற இடத்துல முதல்ல பொடிப்பொடியா நுரை வரும், ரெண்டு செகண்டுல அது கொத்தா பொங்கி கீழ சொட்டும், ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் சந்தேகமே வராது. ஓட்டை பக்கத்துல பைப் மேல கருப்பு கரி கோடு மாதிரி படிஞ்சிருக்கும், அதுவும் அடையாளம்தான். ஃபோர்டு வி10ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் (நட் மாட்டுற போல்ட்) துருப்பிடிச்சு உடையுறது ரொம்ப சகஜம், காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்னு சத்தம் வந்து சூடானதும் குறைஞ்சிடும், அந்த சத்தம் இருந்தா டார்ச் அடிச்சு நட் எல்லாம் எடத்துல இருக்கான்னு எண்ணிப் பாருங்க.

ரெண்டாவது இன்ஜின். செக் இன்ஜின் லைட் சும்மா எரியாம விட்டு விட்டு மின்னுதுன்னா மிஸ்ஃபயர்னு அர்த்தம், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, எரியாத பெட்ரோல் நேரா கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், உள்ள 1000 டிகிரி கூட தாண்டும். அந்த நிலையில எந்த ஷீல்டும் தரைய ரொம்ப நேரம் காப்பாத்தாது, மலை ஏறிக்கிட்டு இருந்தாலும் ஓரம் கட்டிடுங்க. ஸ்பார்க் பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார் இதெல்லாம் பாத்துட்டுதான் மேல போகணும். கன்வெர்ட்டர் அடைச்சுக்கிட்டாலும் முன்பக்க பைப் எல்லாம் தாறுமாறா சூடாகும்.

மூணாவது ரொம்ப சாதாரணம், ஆனா நிறைய இடத்துல அதுதான் காரணமா இருக்கும். பைப்ப தாங்குற ரப்பர் ஹேங்கர் அறுந்து ஒரு முனை தொங்குனா இன்னொரு முனை மேல தூக்கி பலகைய இடிக்கும். மஃப்ளர் மாத்துனவங்க பழைய பைப் போன வழியில போடாம ரெண்டு இஞ்ச் மேல ஏத்தி வெல்டு பண்ணியிருப்பாங்க. ஷீல்டோட ஸ்க்ரூ துருப்பிடிச்சு ஷீல்டே எங்கயோ ரோட்ல விழுந்திருக்கும், ப்ராக்கெட் மட்டும் மொட்டையா நிக்கும். ஜெனரேட்டரையும் மறக்காதீங்க, பெரும்பாலும் வண்டி நிக்கும்போதுதான் அது ஓடும், அப்ப கீழ காத்து ஓட்டம் ரொம்ப கம்மி, கருகல் ஜெனரேட்டர் பக்கம் இருந்தா அதோட மஃப்ளர பாருங்க.

தொடாமலே சூட்ட அளக்குற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வச்சிருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பளபளன்னு இருக்கிற உலோகத்துல அது ரொம்ப கம்மியா காட்டும். ஷீல்டு மேல ஒரு காசு அளவுக்கு ஹீட் தாங்குற கருப்பு பெயிண்ட் அடிச்சு, அந்த புள்ளிய குறி வச்சு அளங்க. மலை ஏறி இறங்குன கையோட உள்பக்க தரையையும் அளந்து எழுதி வச்சிக்கோங்க, வேலை முடிஞ்சப்புறம் ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

இப்ப தரை. 1980க்கு முன்னாடி வந்த வண்டின்னா வினைல் ஷீட்டுக்கு அடியிலயோ பழைய ஹீட் ஷீல்டு அட்டையிலயோ ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சுரண்டாம தேய்க்காம ஒரு சின்ன துண்ட லேபுக்கு அனுப்பிட்டு தொடங்குங்க. வினைல உரிச்சதும் ஒரு ஸ்க்ரூட்ரைவர எடுத்து கருகல் நடுவுல இருந்து வெளிய பாத்து குத்திக்கிட்டே வாங்க. நடுவுல முனை அப்படியே இறங்கும், வெளிய எடுத்தா கருப்பு செதில் ஒட்டிக்கிட்டு வரும், விரல்ல தேச்சா பொடியாயிடும். கொஞ்சம் தள்ளி பாக்க பழுப்புதான், ஆனா ப்ளையோட அடுக்கு அடுக்கா பிரியும், ஏன்னா பசை செத்துப் போச்சு. இன்னும் தள்ளி குத்துனா முனை வழுக்கி நிக்கும், அதுதான் நல்ல மரம். நல்ல மரம் தொடங்குற இடத்துல நிறுத்தாதீங்க, அதுக்கு அடுத்த குறுக்கு சட்டம் வரைக்கும் போய் அது நடுவுல வெட்டுங்க, புது பலகையோட ஓரம் உக்கார ஒரு தாங்கல் வேணும்ல. சர்க்குலர் ரம்பத்தோட ஆழத்த பலகை தடிமனுக்கு சரியா வைங்க, வெட்டுறதுக்கு முன்னாடி கீழ போய் எரிபொருள் லைன், பிரேக் லைன், கேஸ் பைப், வயர் எல்லாம் எங்க ஓடுதுன்னு பாத்து குறிச்சிக்கோங்க, பேட்டரிய கழட்டுங்க, கேஸ் சிலிண்டர மூடுங்க. சூடுபட்ட வயரோட பிளாஸ்டிக் நொறுங்குதான்னு வளைச்சுப் பாருங்க, நொறுங்குனா அதையும் மாத்தணும்.

பழைய தடிமன்லயே மரைன் ப்ளை (ஈரம் தாங்குற பசை போட்ட ப்ளைவுட்) வாங்குங்க, ஓரத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் எபாக்சி அடிச்சு காய விட்டு பொருத்துங்க. தீ பிடிக்காத ப்ளைனு விக்கிறத அவசரப்பட்டு வாங்க வேண்டாம், தொடர்ந்து சூடு பட்டா அதுல சிலது பலம் இழந்து நொறுங்கும், அமெரிக்காவுல 1980கள்ல வீட்டுக் கூரைக்கு போட்டு அந்த அனுபவம் நல்லாவே கிடைச்சிருக்கு. இன்சுலேஷனுக்கு பழைய ஃபோம எடுத்துட்டு ராக்வூல் (கல்லை உருக்கி பஞ்சு மாதிரி செஞ்சது) வைங்க, அது 1000 டிகிரிக்கு மேலயும் உருகாது. கேன்ல வர்ற ஸ்ப்ரே ஃபோம், தார் மாதிரி அண்டர்கோட்டிங், இது ரெண்டும் எக்ஸாஸ்ட் பக்கம் வரவே கூடாது.

கடைசியா ஷீல்டு, என்னைக் கேட்டா மொத்த வேலையிலயும் இதுதான் முக்கியம். தடிமனா எதையாவது ஒட்டிட்டா போதும்னு நினைக்கிறாங்க, ஆனா தரைய காப்பாத்துறது காத்து இடைவெளிதான். மொட்டை மாடியில வெயிலுக்கு கீத்து பந்தல் போடுறோம், அத தளத்தோட ஒட்டி விரிச்சா யாராவது போடுவாங்களா, நடுவுல காத்து போறதுலதான் விஷயமே இருக்கு. அலுமினைஸ்டு ஸ்டீல் (மேல அலுமினியம் பூசின ஸ்டீல்) இல்ல ஸ்டெயின்லெஸ் ஷீட்ட பைப்போட ரெண்டு பக்கமும் நாலஞ்சு இஞ்ச் நீளுற மாதிரி வெட்டுங்க. பலகைக்கும் ஷீட்டுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி, ஷீட்டுக்கும் பைப்புக்கும் நடுவுல எவ்வளவு முடியுமோ அவ்வளவு. முன்னாடியும் பின்னாடியும் திறந்தே இருக்கணும், ஓடும்போது காத்து புகுந்து வெளிய போகணும். போல்ட்ட பலகையில இறக்காம ஸ்டீல் சட்டத்துல மாட்டுங்க, போல்ட் வழியாவே சூடு மேல ஏறும். பளபளப்பு பக்கம் பைப்ப பாத்து இருக்கட்டும், சேறு படிஞ்சா அந்த பலன் குறையும், வருஷத்துக்கு ஒரு தடவ கழுவுங்க. பசையோட வர்ற ஃபாயில் மேட்ட மட்டும் நம்பாதீங்க, சூட்டுல பசை விட்டு அது பைப் மேலயே விழும்.

பைப்ப சுத்துற எக்ஸாஸ்ட் ராப்ங்கிற சூடு தாங்குற நாடா பத்தியும் சொல்லணும். சூட்டக் குறைக்கும், ஆனா ஈரத்த பிடிச்சு வச்சிக்கும், சாதா ஸ்டீல் பைப்ப உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்க வச்சிடும். குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுற ஊர்ல இருந்தா வேண்டவே வேண்டாம், கன்வெர்ட்டர் மேல எந்த ஊர்லயும் சுத்தக் கூடாது.

எல்லாம் மாட்டுனதும் அதே ஏத்தத்துல அதே வேகத்துல ஓட்டிட்டு வந்து பழைய இடத்துலயே தரைய அளங்க. கைய வச்சா வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, வைக்க முடியாம சுட்டா இன்னும் எங்கயோ லீக்கோ மிஸ்ஃபயரோ இருக்கு, புது வினைல ஒட்டாம திரும்ப சோப்புத் தண்ணில இருந்து தொடங்குங்க. சரியா இருந்தாலும் ரெண்டு மூணு நீண்ட ஓட்டம் முடியுற வரைக்கும் அந்த இடத்த மூடாம விட்டு வைங்க, ப்ளை நிறம் மாறுதான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் ஒட்டலாம்.