ஸ்டைலுக்கு நல்ல பெயர் வையுங்கள்

எழுத்துரு, அளவு, இடைவெளி போன்ற அமைப்புகளை ஒரு பெயரில் சேமித்து வைப்பதுதான் ஸ்டைல். வேர்டில் நீண்ட கோப்பு எழுதுகிறவர்கள் பலர் 'ஸ்டைல்1', 'ஸ்டைல்2' என்ற பெயர்களையே கடைசிவரை வைத்திருக்கிறார்கள். நூறாவது பக்கத்தில் எது மேற்கோளுக்கு, எது கவிதை வரிக்கு என்று நினைவிருக்காது. பெயரை மாற்ற அரை நிமிடம் போதும்.

கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டைல் பட்டியல் திறக்கும். வேண்டிய ஸ்டைலின் மேல் வலது கிளிக் செய்து, 'மாடிஃபை' போய், மேலே உள்ள பெயரை மாற்றுங்கள். அந்த ஸ்டைலில் உள்ள பத்திகள் அப்படியே இருக்கும். எதையும் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டாம். 'நூல்-மேற்கோள்', 'நூல்-கவிதை' என ஒரே முன்சொல்லோடு பெயர் வைத்து, பட்டியலை அகரவரிசைக்கு மாற்றினால் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

'ஹெடிங் 1' போன்ற உள்ளமைந்த ஸ்டைல்களின் பெயர் மட்டும் மாறாது. 'அத்தியாயம்' என்று எழுதினால் 'ஹெடிங் 1,அத்தியாயம்' என்று பழைய பெயருடன் ஒட்டிக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பொருளடக்கம் தானாக உருவாக அந்த ஸ்டைல்தான் உதவுகிறது.

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எஃப்11 அழுத்தி, நீங்கள் உருவாக்கிய ஸ்டைலைத் திருத்தத் திறந்தால் முதல் தாவலில் பெயர் இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் அவசியம் கவனிக்க வேண்டும். ஸ்டைலில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லையா? வேர்டின் எழுத்துருப் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியில் மாற்றுங்கள். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கின்றன.