எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பகுதி: சர்வர்-சைட் இன்குளூட்ஸ் பயன்படுத்தும் முறை

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி விசைப்படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடைக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் ஓர் இணையதளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கடைப்பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அடியில் முகவரி இருக்கும். எண் மாறினால் அத்தனை கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் யாரோ ஒரு படகு உரிமையாளர் பழைய எண்ணையே அழைத்துக்கொண்டிருப்பார். இதற்காக வேர்ட்பிரஸ் நிறுவி, தரவுத்தளம் அமைத்து, அப்டேட்டுகளைக் கவனித்துக்கொண்டிருப்பது இந்த அளவிலான தளத்திற்கு வீண் சுமை என்பதே என் கருத்து. பக்கத்தை அனுப்பும்போது வேறொரு கோப்பின் உள்ளடக்கத்தை இணைய சர்வரே அதில் சேர்த்துவிடும் வசதிதான் சர்வர்-சைட் இன்குளூட்ஸ், சுருக்கமாக எஸ்எஸ்ஐ. 1990-களில் என்சிஎஸ்ஏ என்ற சர்வர் மென்பொருளில் அறிமுகமாகி, பின்னர் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளிலும் தொடர்ந்த அதுவே இங்கே போதும்.

முதலில் சர்வரில் அதற்கு இடம் தர வேண்டும். அப்பாச்சியில் ‘மாட்_இன்குளூட்’ என்ற மாட்யூல் இயங்க வேண்டும். அமைப்புக் கோப்பின் ‘ஆப்ஷன்ஸ்’ வரியில் ‘இன்குளூட்ஸ்நோஎக்ஸெக்’ என்பதைக் கூட்டல் குறியுடன் சேர்த்து, ‘எஸ்ஹெச்டிஎம்எல்’ என்று முடியும் கோப்புகளை ‘இன்குளூட்ஸ்’ என்ற அவுட்புட் ஃபில்டர் வழியே அனுப்பச் சொல்ல வேண்டும். வெறும் ‘இன்குளூட்ஸ்’ என்று எழுதினாலும் வேலை நடக்கும். ஆனால் அது சர்வரில் எந்தக் கட்டளையையும் இயக்கும் ‘எக்ஸெக்’ வசதியையும் திறந்துவிடும். வெளியார் எழுதி அனுப்பும் உரை எதுவும் இத்தகைய பக்கத்திற்குள் கலந்துவிட்டால் விளைவு மோசமாகும் என்பதால், நோஎக்ஸெக் வடிவத்தையே எப்போதும் பரிந்துரைப்பேன்.

கட்டளையின் உருவம் ஹெச்டிஎம்எல் குறிப்புரையின் உருவமே. திறக்கும் கோணக்குறி, வியப்புக்குறி, இரண்டு இடைக்கோடுகள், அவற்றை இடைவெளியின்றி ஒட்டியபடி ஹாஷ் குறி, அதையும் ஒட்டியபடி கட்டளைச் சொல் என்று அது தொடங்கும். முடிவில் ஓர் இடைவெளி விட்டு இரண்டு இடைக்கோடுகளும் மூடும் கோணக்குறியும் வரும். தொடக்கத்தில் இடைவெளி விழுந்தால் சர்வர் அதை வெறும் குறிப்புரை என்று கருதிக் கடந்துவிடும். தலைப்பகுதியைத் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டு, ‘இன்குளூட்’ கட்டளையில் ‘விர்ச்சுவல்’ என்ற பண்புக்கு மேற்கோளுக்குள் அந்தக் கோப்பின் தளப்பாதையைக் கொடுத்தால், பக்கம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் சர்வர் அதை அந்த இடத்தில் பொருத்தி அனுப்பும். ‘ஃபைல்’ என்ற பண்பும் உண்டு. ஆனால் அதைக் கொண்டு மேல் அடைவுக்குச் செல்ல முடியாது.

தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணைக்கப்படும் துண்டுக் கோப்புகள் அனைத்தையும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இடப்படும் பிஓஎம் குறி இல்லாமல் சேமிக்க வேண்டும். அந்தக் குறி இருந்தால் துண்டு சேரும் இடத்தில் காரணம் புரியாத வெற்று இடம் தோன்றலாம்.

விலைப்பட்டியல் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை ‘எஃப்லாஸ்ட்மாட்’ கட்டளை தானாகவே காட்டும். அதற்கு முன்பாக ‘கான்ஃபிக்’ கட்டளையின் ‘டைம்எஃப்எம்டி’ மூலம் தேதியின் வடிவத்தைத் தீர்மானிக்கலாம். மாதப்பெயரைக் கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும் என்பதால், நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எண்களாகவே காட்டுவது நன்று.

இனி, இந்தக் கடைக்கு உண்மையிலேயே பயன்படும் பகுதி. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில்தான் எஞ்சின் பழுதுபார்ப்பும் வண்ணப்பூச்சும் நடக்கும். உதிரிபாகக் கடைக்கு அதுவே வேலை மிகுந்த பருவம். எனவே தடைக்காலத்தில் மட்டும் கூடுதல் வேலை நேர அறிவிப்பு முகப்பில் தானே தோன்றி, முடிந்ததும் தானே மறைய வேண்டும்.

டைம்எஃப்எம்டியில் சதவீதக் குறியுடன் சிறிய ‘எம்’, சதவீதக் குறியுடன் சிறிய ‘டி’ ஆகிய இரண்டையும் இடைவெளியின்றி எழுதினால், ஏப்ரல் 15 என்பது 0415 என்றும் ஜூன் 14 என்பது 0614 என்றும் கிடைக்கும். ‘செட்’ கட்டளையால், சர்வரின் தற்போதைய தேதியைத் தரும் ‘டேட்_லோக்கல்’ மதிப்பை ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு, ‘இஃப்’ கட்டளையில் அந்த மாறி 0415-க்குக் குறையாமலும் 0614-க்கு மேற்படாமலும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாறியின் பெயரை ‘வி’ என்ற ஃபங்ஷனின் அடைப்புக்குள் ஒற்றை மேற்கோளில் இட்டு, ‘-ஜிஇ’, ‘-எல்இ’ ஒப்பீடுகளை இரட்டை ஆம்பர்சேண்டால் இணைக்கலாம். அடுத்து அறிவிப்பை எழுதி, ‘எண்டிஃப்’ கட்டளையால் மூடிவிடலாம். இது அப்பாச்சி 2.4-இன் இலக்கணம், அதற்கு முந்தைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட நிபந்தனைகள் 2.4-இல் அப்படியே ஓடாது.

டேட்_லோக்கல் என்பது சர்வரில் அமைக்கப்பட்டுள்ள நேரமே தவிர, கடை இருக்கும் ராயபுரத்தின் நேரம் அன்று. வாடகை சர்வர்கள் பல யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குவதால், அறிவிப்பு நள்ளிரவில் மாறாமல் நம் நேரப்படி காலை 5.30-க்கு மாறும். கடை திறப்பதற்குள் மாறிவிடுகிறதே என்று இதை விட்டுவிடலாம்.

பக்கத்தில் எதுவும் தோன்றாவிட்டால் உலாவியில் மூல வரிகளைப் பாருங்கள். கட்டளை அப்படியே தெரிந்தால் சர்வர் அதைக் கையாளவே இல்லை. கோப்பின் பின்னொட்டையும் ஆப்ஷன்ஸ் வரியையும் சரிபார்க்க வேண்டும். கோப்பைக் கணினியில் நேரடியாக இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தாலும் இதே நிலைதான், ஏனெனில் அங்கே சர்வரே இல்லை. சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பிழைச்செய்தி வந்தால், சர்வர் கட்டளையைப் படித்திருக்கிறது. பாதையோ எழுத்தோ தவறு, காரணம் எரர் லாக் எனப்படும் சர்வரின் பிழைப்பதிவில் இருக்கும்.

என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு சர்வர் மென்பொருளிலும் ‘எஸ்எஸ்ஐ ஆன்’ என்ற ஒரே வரியில் இவ்வசதி கிடைக்கும். ஆனால் அங்கே எஃப்லாஸ்ட்மாட் கிடையாது. இஃப் கட்டளைக்கு, மாறி இருக்கிறதா, சமமா, வேறா, அல்லது ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் எழுத்து வடிவச் சூத்திரத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனைகள் மட்டுமே தெரியும். ஆகவே தடைக்காலத்தை ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனாக எழுதியாக வேண்டும்.

பழைய பக்கங்களின் பின்னொட்டை மாற்ற விரும்பாதவர்கள், அப்பாச்சியின் ‘எக்ஸ்பிட்ஹேக்’ வரியை ‘ஆன்’ என்று வைத்து, அக்கோப்புகளுக்கு இயக்க அனுமதி கொடுத்தால் போதும். ‘ஃபுல்’ என்று வைக்கலாம்தான். ஆனால் குழு இயக்க அனுமதியும் இருந்தால், முதன்மைக் கோப்பு திருத்தப்பட்ட தேதியையே பக்கத்தின் தேதியாகச் சர்வர் அறிவிக்கும். உலாவியும் தன்னிடமுள்ள பழைய பிரதியே சரி என்று நம்பிக்கொள்ளும். தடைக்காலம் தொடங்கிய பிறகும் அறிவிப்பு தெரியாமல் போகக்கூடும். தேதியைச் சோதிக்கும் பக்கங்களில் ‘ஆன்’ மட்டுமே வைக்க வேண்டும்.