நீக்கி மீண்டும் சேர்த்த ஷாட்டுக்கு ஃபோல்டர் உருவாகவில்லையா?

படத் தயாரிப்பில் ஷாட்டுகளைக் கண்காணிக்கும் ஷாட்கிரிட் மென்பொருளில் (இப்போதைய பெயர் ஃப்ளோ புரொடக்‌ஷன் டிராக்கிங்) ஒரு ஷாட்டை யாரோ நீக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அதன்பின், ஷாட்டுக்கான ஃபோல்டர்களை உருவாக்கும் அதன் டூல்கிட்டின் 'டாங்க் ஷாட் ஃபோல்டர்ஸ்' கட்டளை பிழை காட்டி நின்றது: இந்தப் பாதை ஏற்கெனவே வேறொரு ஷாட்டுடன் இணைந்திருக்கிறதாம்.

டேட்டாபேஸ் பார்ப்பது பெயரை அல்ல, ஐடி எண்ணை. பெயர் ஒன்றானாலும் எண் புதிது. ஃபோல்டரோ பழைய எண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. இந்தப் பிணைப்பு ஷாட்கிரிட் சர்வரிலுள்ள 'ஃபைல்சிஸ்டம் லொக்கேஷன்' பதிவுகளில் இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் அதன் நகல் ஒரு சிறு எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பாக இருக்கும்; அந்தக் கோப்பைக் கையால் திருத்தவே வேண்டாம், திருத்தினாலும் சர்வரிலுள்ள மூலப்பதிவு அப்படியேதான் இருக்கும்.

'அன்ரெஜிஸ்டர்_ஃபோல்டர்ஸ்' கட்டளைக்கு அந்தப் பாதையைக் கொடுத்தேன். பிணைப்பு மட்டும்தான் போகும், வட்டிலுள்ள கோப்புகள் பத்திரம். பிறகு 'ஃபோல்டர்ஸ்' ஓட்டியதும் அதே ஃபோல்டர் புதிய ஷாட்டுடன் இணைந்தது. மற்ற கணினிகளில் அந்த நகலைப் புதுப்பிக்க 'சிங்க்ரனைஸ்_ஃபோல்டர்_கேஷ்' ஓட்டினால் போதும்.