ரஸ்ட் மொழியில் சொந்த டெஸ்ட் மேக்ரோவை உள்ளமைந்த சோதனை முறையோடு இணைப்பது எப்படி?

ரஸ்ட் மொழியில் 'டெஸ்ட்' அட்ரிபியூட் (ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் குறிப்பு) இடப்பட்ட ஃபங்ஷன்களைக் கம்பைலரே திரட்டி, அவற்றை ஓட்டும் மெயின் ஃபங்ஷனையும் உருவாக்கிவிடுகிறது. எனவே சொந்த மேக்ரோ (நிரலை உருவாக்கித் தரும் நிரல்) எழுதுபவர் இதற்குப் போட்டியாக வேறொரு முறையை நிறுவ வேண்டியதில்லை. ஃபங்ஷனின் உடலை வேண்டியபடி மாற்றி, உள்ளமைந்த அட்ரிபியூட்டை ஒரே ஒரு முறை சேர்த்துத் திருப்பித் தந்தால் போதும். சிக்கலெல்லாம் அந்த 'ஒரே ஒரு முறை'யில்தான்.

முதலில், புரொசீஜரல் மேக்ரோவுக்கென்று (நிரலை உள்ளே வாங்கி, மாற்றித் தரும் வகை மேக்ரோ) தனி கிரேட் (ரஸ்ட் நிரல் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, உள்ளே வரும் டோக்கன்களை, அதாவது நிரலின் சொற்களையும் குறிகளையும், 'சின்' நூலகத்தைக் கொண்டு ஃபங்ஷனாகப் படித்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் 'அசிங்க்' ஆக (இடையில் காத்திருந்து பின் தொடரக்கூடியதாக) இருந்தால், உள்ளமைந்த டெஸ்ட் அதை ஏற்காது என்பதால், அந்தச் சொல்லை நீக்கிவிட்டு உடலை, அசிங்க் நிரலை ஓட்டும் ரன்டைமின் 'பிளாக் ஆன்' அழைப்புக்குள் (வேலை முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு) வைக்க வேண்டும். 'இக்னோர்' (சோதனையைத் தவிர்), 'ஷுட் பேனிக்' (பிழையோடு நின்றால்தான் வெற்றி) போன்ற அட்ரிபியூட்களையும் ரிட்டர்ன் டைப்பையும் தொடாமல் அப்படியே கடத்துங்கள்.

அடுத்து, சேர்க்கும் அட்ரிபியூட்டை வெறும் 'டெஸ்ட்' என்று எழுதாதீர்கள். உங்கள் மேக்ரோவுக்கும் அதே பெயர் இருந்து, பயனர் அதை இம்போர்ட் செய்திருந்தால், மேக்ரோ தன்னையே மறுபடி அழைக்கத் தொடங்கிவிடும். 'கோர்' கிரேட்டில் தொடங்கி, அதன் ப்ரீலூட் (தானாகவே கிடைக்கும் பெயர்களின் தொகுதி) வழியாகச் செல்லும் முழுப் பாதையை எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

ஒரே ஃபங்ஷனில் இரண்டு டெஸ்ட் அட்ரிபியூட்கள் சேர்ந்துவிட்டால், கம்பைலர் எச்சரிக்கை மட்டுமே தரும், பிழை காட்டாது. சோதனையோ இரு முறை ஓடும். இயல்பாகச் சோதனைகள் தனித்தனி த்ரெட்களில் ஒருசேர ஓடுவதால், தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி அழிக்கும் சோதனை தன் நகலுடனேயே மோதி, சில முறை வெற்றி, சில முறை தோல்வி என்று காட்டும். காரணம் தெரியாமல் இதைத் தேடுவது பெரும் தொல்லை. ஆகவே, மீதமுள்ள அட்ரிபியூட்களில் ஏதேனும் ஒன்றின் பாதை 'டெஸ்ட்' என்று முடிகிறதா எனப் பாருங்கள். முடிந்தால் நீங்கள் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

இந்தச் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அட்ரிபியூட் மேக்ரோக்கள் மேலிருந்து கீழாக விரிகின்றன, அதாவது தாம் உருவாக்கும் நிரலாக மாறுகின்றன; விரிந்து முடிந்த மேக்ரோவைக் கீழே உள்ளது பார்க்க முடியாது. எனவே நீங்கள் சேர்க்கும் அட்ரிபியூட்டை மற்றவற்றுக்குப் பின்னால், கடைசியாக வையுங்கள். அடுத்து விரியும் மேக்ரோவுக்கு அது தெரியும். பயனரும் உங்கள் மேக்ரோவை உள்ளமைந்த டெஸ்டுக்கு மேலேயே எழுத வேண்டும் என்பதை ஆவணத்தில் குறிப்பிடுங்கள். இறுதியாக, 'கார்கோ எக்ஸ்பாண்ட்' கருவியால் விரிந்த நிரலைப் பார்த்துவிட்டு, சோதனைகளின் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் ஒரு முறை மட்டுமே வருகிறதா என்று சரிபாருங்கள்.