பியாதீனா பாக்கெட்டின் பின்பக்கம்

இத்தாலியில் போலோஞ்ஞாவிலோ ஃபொர்லியிலோ செசேனாவிலோ படிக்க வந்து இறங்கும் நம் பிள்ளைகள் முதல் வாரமே சூப்பர்மார்க்கெட்டில் கண்டுபிடித்துவிடும் பொருள் பியாதீனா. வட்டமாக, மெல்லிசாக, மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளிகளோடு, பார்த்தால் அப்படியே சப்பாத்தி. பிசைய வேண்டாம், தேய்க்க வேண்டாம், கல்லில் இரண்டு நிமிடம் வாட்டினால் போதும். நான்கைந்து பேர் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இது பெரிய உதவி. நானும் முதல் இரண்டு மாதம் ராத்திரிச் சாப்பாட்டை இதை வைத்தே ஓட்டினேன். சப்பாத்தி என்றால் மூன்று சாப்பிடுவோம் இல்லையா, அதே கணக்கில் மூன்று.

அந்தக் கணக்குதான் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பியாதீனா என்பது ரொமாஞ்ஞா பகுதியின் ரொட்டி. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘பியாதீனா ரொமாஞ்ஞோலா’வுக்கு ஐ.ஜி.பி. என்ற புவிசார் குறியீடு கொடுத்தது. நம் ஊரில் திருநெல்வேலி அல்வா வேறெங்கே செய்தாலும் அதே அல்வா ஆகாது என்பார்களே, அந்த மாதிரியான பெருமை இவர்களுக்கு இந்த ரொட்டியில் உண்டு. அந்தக் குறியீட்டுக்கான விதி, ஒரு கிலோ மாவுக்கு 250 கிராம் வரை கொழுப்பு சேர்க்கலாம் என்கிறது. மாவும் பெரும்பாலும் நன்றாகச் சலித்த வெள்ளை மாவு, அதாவது நம் மைதா. மைதா, கொழுப்பு, உப்பு, கொஞ்சம் சோடா. இப்போது சொல்லுங்கள், இது சப்பாத்திக்குச் சொந்தமா, பரோட்டாவுக்குச் சொந்தமா?

சரி, எண்களுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் சாதாரண பியாதீனாவில் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி, மாவுச்சத்து 50 கிராமை ஒட்டி, கொழுப்பு 9 கிராம், புரதம் 8 கிராம், உப்பு ஒன்றரை கிராம் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு கூடும், குறையும். ஆனால் நாம் 100 கிராம் சாப்பிடுவதில்லை, ஒரு வட்டம் சாப்பிடுகிறோம். பாக்கெட்டில் 360 கிராம், மூன்று வட்டம் என்றிருந்தால் ஒன்று 120 கிராம். அப்படியானால் ஒரு பியாதீனா சுமார் 385 கலோரி, உப்பு 1.8 கிராம். 30 கிராம் கோதுமை மாவில் எண்ணெய் விடாமல் சுட்ட சப்பாத்தி சுமார் 100 கலோரிதான். ஒரு பியாதீனா என்பது கிட்டத்தட்ட நான்கு சப்பாத்தி. உப்பையும் பாருங்கள்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று பியாதீனா சாப்பிட்டால், தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலேயே அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ராத்திரியில் ஏன் அப்படித் தாகம் எடுத்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையைப் படிக்க எட்டு சொல் போதும். ‘எனெர்ஜியா’ ஆற்றல், ‘கிராஸ்ஸி’ மொத்தக் கொழுப்பு, அதன் கீழே ‘சதூரி’ என்று முடிவது நிறைவுற்ற கொழுப்பு, ‘கார்போயித்ராத்தி’ மாவுச்சத்து, ‘சூக்கெரி’ சர்க்கரை, ‘ஃபீப்ரே’ நார்ச்சத்து, ‘புரோத்தெயினே’ புரதம், ‘சாலே’ உப்பு. இந்திய பாக்கெட் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே சோடியம் என்று போட்டிருப்பதை இங்கே உப்பாகவே போடுகிறார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் வருவதுதான் உப்பு.

அப்புறம் ஸ்த்ருத்தோ. இந்தச் சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஸ்த்ருத்தோ என்றால் பன்றிக் கொழுப்பு. ரொமாஞ்ஞாவின் பழைய முறைப் பியாதீனாவில் அதுதான் சேரும், இன்றும் பல பாக்கெட்டுகளில் அதுதான். எங்களோடு தங்கியிருந்த கும்பகோணத்துப் பெண் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். மூன்று வாரம் இதைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்ததும் உட்கார்ந்து அழுதாள். பாக்கெட்டில் எழுதித்தான் இருந்தது. ஆனால் வந்த புதிதில் யாருக்கு இத்தாலியம் தெரியும்? முஸ்லிம் நண்பர்களுக்கும் இது முக்கியம். இந்தியாவில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஐரோப்பாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே ‘வேகன்’ என்று அச்சிடுவார்கள், அவ்வளவுதான்.

‘சென்ஸா ஸ்த்ருத்தோ’ என்று முன்பக்கம் இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை. ‘ஒலியோ எக்ஸ்ட்ராவெர்ஜினே தி ஒலீவா’, அதாவது எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய், என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெருமையாகச் சொன்ன பொருள் எத்தனை சதவீதம் என்று பொருட்பட்டியலில் காட்டியாக வேண்டும். அந்த எண் சின்னதாக இருந்து, பக்கத்தில் வேறொரு எண்ணெயின் பெயரும் இருப்பது உண்டு. ‘மோனோ எ திகிளிச்செரீதி’ அல்லது இ471 என்று கண்டால், அது கொழுப்பிலிருந்து எடுக்கும் ஒரு சேர்பொருள், தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். கண்டிப்பான சைவர்கள் அந்தப் பாக்கெட்டைத் தவிர்ப்பது நல்லது. ஐ.ஜி.பி. முத்திரை உள்ளதில் பதப்படுத்தும் ரசாயனம் கிடையாது, கொழுப்பும் ஸ்த்ருத்தோ அல்லது ஆலிவ் எண்ணெய் மட்டுமே. ஆனால் அந்த முத்திரை சைவத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஆலிவ் எண்ணெய்ப் பியாதீனா என்றால் கலோரி குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கொழுப்பானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான். மாறுவது அதன் தன்மை: ஸ்த்ருத்தோவில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ஆலிவ் எண்ணெயில் பதினைந்தை ஒட்டி. நம் குடும்பங்களில் சர்க்கரை நோயும் இதய நோயும் ஐரோப்பியர்களைவிட இளவயதிலேயே, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருவது தெரிந்த விஷயம். இந்த வித்தியாசம் நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

தெருவோரக் கியோஸ்க்கில் கண்முன்னே சுட்டுத் தருவதற்கு இந்த அட்டவணை எதுவும் இருக்காது. அங்கே ஒவ்வாமைப் பட்டியல் மாட்டியிருப்பார்கள். அதில் கோதுமை, பால், எள் எல்லாம் இருக்கும். ஸ்த்ருத்தோ ஒவ்வாமைப் பொருள் இல்லை என்பதால் அதில் வராது. வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான்: “லிம்பாஸ்தோ ஏ கொன் லோ ஸ்த்ருத்தோ ஓ கொன் லோலியோ?” மாவில் பன்றிக் கொழுப்பா, எண்ணெயா என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொந்த ஊர்ப் பியாதீனாவைப் பற்றி விசாரித்தால் இவர்களுக்குச் சந்தோஷம்தான்.

நான் இப்போது செய்வது இதுதான். ஒரு வேளைக்கு ஒன்று, அதற்கு மேல் இல்லை. கூடவே டின் கொண்டைக்கடலை அரை டின், அதாவது வடித்த எடையில் 120 கிராம். அதிலேயே எட்டு கிராம் புரதம் வந்துவிடும். டின் தண்ணீரில் உப்பு இருப்பதால் கழுவிவிட்டு, வெங்காயம் தக்காளி போட்டு வதக்கினால் ஊர் சுண்டல் வாசனை வரும். கீரையும் தயிரும் இருந்தால் சாப்பாடு முழுமை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சுடுவது இன்னும் நல்லது. 250 கிராம் வெள்ளை மாவு, 250 கிராம் ‘இன்தெக்ராலே’ என்ற முழுக்கோதுமை மாவு, 40 கிராம் ஆலிவ் எண்ணெய், 6 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா, பிசையும் பதத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர். அரை மணி நேரம் மூடி வைத்து எட்டு வட்டம் தேய்த்தால் ஒன்று சுமார் 265 கலோரி, உப்பு 0.75 கிராம். ஆறின பிறகு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அந்த வாரத்துக்குப் பிரச்சினை இல்லை.

இத்தாலியின் வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெனோவாவின் ஃபொக்காச்சியாவில் மேலே உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றுவார்கள், அதனால் உப்புக் கணக்கு அங்கேயும் வேண்டும். சார்டீனியாவின் பானே கராசாவு அப்பளம் போல மொறுமொறுப்பு. ரவை, தண்ணீர், ஈஸ்ட், உப்பு மட்டும்தான், கொழுப்பே இல்லை. ஆனாலும் 100 கிராமுக்குப் பார்த்தால் பியாதீனாவுக்குக் குறையாத கலோரி காட்டும். ஈரம் இல்லாத ரொட்டி என்பதால் அப்படி. ஒரு வட்டத்தின் எடையை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பலெர்மோவில் நம் ஈழத்து மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அங்கே கிடைக்கும் பானெல்லே கடலை மாவில் பொரிப்பது. அதே கடலை மாவை ஆலிவ் எண்ணெயோடு தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டால் ஜெனோவாவின் ஃபரினாத்தா. கடலை மாவில் மைதாவைப்போல இரண்டு மடங்கு புரதம் உண்டு. சைவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான். சுடச்சுட மிளகுத்தூள் தூவிச் சாப்பிடுங்கள்.