செம்பனைத் தோட்டத்து நிலநடுக்க நிலையத்தை ஒரு வாட்டில் இயக்குதல்

2025 ஆகஸ்ட் 24 அன்று நிலநடுக்கத்தை உணர்ந்த, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் போன்ற தோட்டப்புற நகரில் நிலையம் அமைப்போர், மின்சாரத்தைப் பெரும்பாலும் விழுங்குவது தரவை அனுப்பும் மோடம்தான் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மூன்று அச்சுகளில் விநாடிக்கு 100 மாதிரிகளை 24 பிட்டில் எடுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 78 மெகாபைட் சேரும். ஆகவே முழுப் பதிவையும் மெமரி கார்டில் வைத்துக்கொண்டு, அதிர்வின் குறுங்காலச் சராசரி நெடுங்காலச் சராசரியைப் பன்மடங்கு மிஞ்சும்போது மட்டும் மோடத்தை எழுப்பி, அந்தப் பகுதியைச் சுருக்கி அனுப்புங்கள்.

நிலையத்தின் கடிகாரத்தைச் சரிசெய்யும் ஜிபிஎஸ்ஸையும் இடையிடையே அணைக்கலாம். ஆயினும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழையுள்ள கடிகாரம் 17 நிமிடங்களுக்குள் ஒரு மில்லிவிநாடி விலகிவிடும் என்பதால், இதில் அளவுக்கு மீறிச் சிக்கனம் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

சராசரிச் செலவு ஒரு வாட் என்றால், வெயிலற்ற ஐந்து நாள்களுக்கு 120 வாட்-மணி பேட்டரியில் இருக்க வேண்டும். சூரியத் தகட்டைச் செம்பனை நிழலுக்கு வெளியே நிறுத்துங்கள்.